கப்பலுக்குப் பசித்தால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு உடம்பு, வேலை, தூக்கம் மூன்றும் ஒழுங்காக நடக்கின்றன. அங்கே நீ, அத்தான், உன் மகள் கேப்டன் மூன்று பேரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் போன கடிதம் முழுக்க மகள் சாப்பிடுவதில்லை என்ற புலம்பல்தான். ஆறு வயதில் பார்க்க நாலு வயது மாதிரி இருக்கிறாள், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வருகிறாள், மாமன் சொன்னால் கேட்பாள், சாப்பிடச் சொல்லி நீயே நாலு வரி எழுது என்று உத்தரவு போட்டிருந்தாய். எழுதியாயிற்று. வெறும் புத்திமதியை யார் படிப்பார்கள்? அதனால் கூடவே ஒரு கடற்படையையும் அனுப்புகிறேன்.

பார்சலில் பன்னிரண்டு கப்பல் இருக்கும். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் புதுச் சட்டையின் காலர் மடங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை செருகுவோம். அதில் வெட்டியது. ஒவ்வொன்றும் கட்டை விரல் நீளம். முன்பக்கம் கூர், பின்பக்கம் சின்னதாக ஒரு வெட்டு. பார்சலிலேயே வைத்திருக்கும் தீப்பெட்டிக்குள் உள்ள வெள்ளைக் கட்டியில் ஒரு துணுக்குக் கிள்ளி அந்த வெட்டில் செருகி, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி விடு. கப்பல் தானாக ஓடும். அது வேறொன்றுமில்லை, கற்பூரம். கம்பளிக் கோட்டுகளைப் பூச்சி அரிக்காமல் இருக்கக் கிடங்கில் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கையோ சோப்புக் கையோ தண்ணீரில் பட்டால் மட்டும் கப்பல் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

கீழே இருப்பதைக் கேப்டனுக்குப் படித்துக் காட்டு.

‘கேப்டன் மேடம்! கப்பலுக்கும் பசிக்கும். வெள்ளைக் கட்டிதான் அதற்குச் சாப்பாடு. அதைத் தின்றால்தான் ஓடும், தின்னாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். நீயும் அப்படித்தான். நன்றாகச் சாப்பிட்டால் பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாய். சாப்பிட்டுவிட்டு எனக்கு ரிப்போர்ட் அனுப்பவும்.’

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இருமலை வளர்த்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

உன் கடற்படை வந்த நாளிலிருந்து வீட்டில் பெரிய தட்டு எனக்குக் கிடைப்பதில்லை. கப்பல் ஓடுகிற அழகை நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. உன் அத்தான் பஸ் டெப்போவில் டைம்கீப்பர்தான், ஆனாலும் எங்கேயாவது கிரீஸைத் தடவிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அந்தக் கையைத் தண்ணீரில் வைத்தார் பார், அத்தனை கப்பலும் அந்த நிமிஷமே நின்றுபோயின. “அப்பா, பஸ்ஸுக்கு டைம் போடறதோட நிறுத்திக்கோங்க. எந்திரிங்க” என்று விரட்டிவிட்டாள்.

உன் நாலு வரியை ஏழெட்டுத் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இப்போது தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். என்ன மந்திரம் போட்டாயோ, தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். பந்தயம் அடுத்த மாதம் இருபதாம் தேதி. மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக் கட்டி தீர்ந்துவிட்டதாம், இருந்தால் இன்னொரு தீப்பெட்டி அனுப்பு.

உனக்குப் பார்க்கிற பெண்ணின் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். குடும்பத்தில் நோய் நொடி ஏதாவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். எங்கள் பரம்பரையில் ஜலதோஷத்துக்கு மேல் யாருக்கும் வந்ததில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள்.

உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் டெப்போவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பந்தயத்தன்று நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகள் ஓட, இவள் நாலு அடி வைத்துக் குப்புற விழுந்தாள். தடுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மச்சான். அப்புறம்தான் கையும் காலும் வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்தேன். கண் மேலே செருகிவிட்டது, வாயில் நுரை. நாலு நிமிஷம் இருந்தது. எப்படித் தெரியும் என்றால், கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளை மண்ணில் துடிக்கும்போது நேரம் குறித்த தகப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இது இரண்டாவது தடவை. உங்கள் இரண்டாவது தீப்பெட்டி வந்த வாரத்தில் வீட்டில் ஒரு முறை வந்தது, சின்னதாக. காய்ச்சல் இல்லாமல் இப்படி வந்தால் அது வலிப்பு நோய்தான், மாத்திரை தினமும் போட வேண்டும், வருஷக்கணக்கில் ஆகலாம் என்கிறார் டாக்டர். கேட்டதிலிருந்து எல்லாப் பஸ்ஸுக்கும் தப்புத் தப்பாக நேரம் போடுகிறேன்.

உங்களிடம் வாயே திறக்கக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். பெண் வீட்டார் காதில் விழுந்தால், குடும்ப வியாதி என்று சொல்லி உங்கள் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களாம். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்பதால் எழுதினேன். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். குழந்தை முகம் மலர ஏதாவது அனுப்புங்கள். அந்தக் கப்பலைத் தவிர எதையும் அவள் தொடுவதில்லை.

இப்படிக்கு,
அத்தான்


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் சுகத்துக்கு எழுது.

பந்தயத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு வெயில் கொஞ்சம் கடுமை. கேப்டனுக்கு லேசாக மயக்கம் வந்ததால் ஓட முடியவில்லை. வேறொன்றுமில்லை. சளி பிடித்திருக்கிறது, தினமும் நெஞ்சில் தைலம் தேய்த்துவிடுகிறேன். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தூங்கிவிடுகிறாள். வளர்கிற பிள்ளை, தூங்கட்டும். சாப்பாட்டில் மட்டும் குறை வைப்பதில்லை.

பெண்ணின் போட்டோ பார்த்தேன். உனக்கு ரொம்ப அதிகம். அவர்கள் மனசு மாறுவதற்குள் தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு போய் நில்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை அதைச் சும்மா வழக்கத்துக்காக எழுதவில்லை.

வெயிலில் மயக்கம் என்றாய், சரி. நான் எதுவும் கேட்கப் போவதில்லை. கேப்டனை நன்றாகப் பார்த்துக்கொள். உனக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், கல்யாணம் அது இது என்று யோசிக்காதே.

இந்தப் பார்சலில் முப்பது கப்பல் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் பேக்கிங் செக்‌ஷன் முழுவதும் உட்கார்ந்து வெட்டியது. பட்டன் தைக்கிற அம்மா ஒருத்திதான் எல்லோரையும்விட அழகாக வெட்டுகிறாள். எங்கள் கம்பெனியில் குடும்ப தினம் என்று பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்தார்கள். என்னோடு வேலை செய்கிறவர்களின் பதினொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு கப்பலும் ஒரு தீப்பெட்டிக் கட்டியும் வைத்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தோம். கேப்டனுக்கு எழுதிய அதே வரிகளைச் சீட்டாக எழுதி உள்ளே வைத்தேன். நான் எழுத்தாளன் ஆகிவிட்டேன் என்று சூப்பர்வைசர் கேலி செய்கிறார்.

கட்டி இரண்டு தீப்பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். கேப்டனிடம் இதைச் சொல்: ‘கப்பல் நடுவழியில் நின்றுபோனால் பயப்படக் கூடாது. சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு கட்டி போட்டால் மறுபடி ஓடும்.’

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகமாக இல்லை. முந்திய கடிதத்தில் எழுதியது பொய்.

உன் மருமகளுக்கு வலிப்பு நோய். பிப்ரவரியிலிருந்து. பந்தயத்தன்று வந்தது வெயில் மயக்கம் கிடையாது. மாத்திரை போட்டால் நின்றுவிடும் என்றார்கள், நானும் நம்பினேன். ஏப்ரல் பத்தாம் தேதி காலை பத்து மணிக்குச் சமையலறையில் என் காலடியிலேயே விழுந்தாள். இருபது நிமிஷம் நிற்கவில்லை. உதடெல்லாம் நீலமாகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடும்போது மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இரண்டு நிமிஷம் அவள் போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். நாள் முழுக்கச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். படித்த எழுத்துகள் மறந்துபோகின்றன. நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தடவை இதைவிட நீண்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று நீயே புரிந்துகொள்வாய். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். என்னால் இனிமேல் ‘மூவரும் சுகம்’ என்று எழுத முடியாது.

இந்தத் தாளின் பின்பக்கம் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறாள். மாமாவுக்கு மட்டும்தானாம், நான் பார்க்கக் கூடாதாம். பார்க்கவில்லை.

அக்கா

(பின்பக்கம், பென்சிலில்)

மாமா கப்பல் சாப்பாடு கசக்குது. வாய் எரியுது. வாழப்பழத்துல வச்சு முழுங்கறேன். அடுத்த தடவை இனிப்பா அனுப்பு. கேப்டன்.


மே 6, தந்தி

வெள்ளைக் கட்டி விஷம். குழந்தை தின்கிறாள். தேடி எடு. உடனே டாக்டரிடம் சொல். தம்பி.


மே 6

அக்கா,

சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. தந்தி கொடுத்துவிட்டு அதே தபாலாபீஸில் நின்று எழுதுகிறேன். அத்தானின் டெப்போவுக்கு மூன்று முறை போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை.

சட்டை மடித்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். உன் பக்கத்தைப் படித்து அழுதேன். திருப்பிப் பார்த்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கசக்குதாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வாசித்துக்கூடக் காட்டினேன். வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று புரிந்தது.

கம்பெனி டாக்டரிடம் ஓடினேன். சின்னப் பிள்ளை கற்பூரத்தைத் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். “வலிப்பு.” சாகக்கூட வாய்ப்பு உண்டாம்.

நான் கட்டி அனுப்ப அனுப்ப அவள் விழுந்திருக்கிறாள், அக்கா. எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும், அத்தான் எழுதினார், அவரைத் திட்டாதே. தெரிந்ததால்தான், பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும் என்று, இரண்டு தீப்பெட்டி நிறைய அனுப்பினேன். வாயில் வைக்காதே என்று ஒரு வரி எழுத முதல் கடிதத்தின் அடியில் இடம் இருந்தது. அந்த இடத்தில் கப்பல் படம் வரைந்தேன்.

கண்டுபிடித்துவிட்டாயா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


மே 20

தம்பிக்கு,

குழந்தை உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தந்தி வந்ததும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கப்பல் பெட்டியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கடைசியில் அவளுடைய ஓட்டப் பந்தய ஷூவுக்குள் இருந்து உன் அத்தான் எடுத்தார். பாதிக்கு மேல் காலி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். சொன்னாள். “மொதல்ல ஒண்ணு சாப்பிட்டேம்மா. அப்பவும் விழுந்துட்டேன். பத்தலன்னு பந்தயத்தன்னைக்கு ரெண்டு சாப்பிட்டேன். அப்பவும் விழுந்தேன். மாமா இன்னொண்ணு போடச் சொன்னாருல்ல, அதான் மூணு சாப்பிட்டேன்.” விழ விழ, சாப்பிட்டது போதவில்லை என்று நினைத்துக்கொண்டு தின்றிருக்கிறது. எனக்கு அழக்கூட வரவில்லை.

கசப்பு மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். ஏப்ரலில் விழுந்தபோது அவள் வாயில் கற்பூர வாசனை அடித்தது. நான் தேய்த்த தைலம் என்று நினைத்தேன். டாக்டர் என்ன வாசனை என்று கேட்டதற்குத் தைலம் என்று நானே சொன்னேன். சாப்பிடச் சொல்லி எழுது என்று உன்னிடம் கெஞ்சியவளும் நான்தான். பிப்ரவரியிலேயே உனக்கு உண்மையை எழுதியிருந்தால், என்ன ஏது என்று கேட்டிருப்பாய், எப்படியாவது பிடிபட்டிருக்கும். உன்மேல் எனக்கு வருகிற கோபத்தை வைக்க இடமில்லை, அவ்வளவு இடத்தையும் என்மேல் உள்ள கோபம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டாக்டருக்குத் தீப்பெட்டியைக் காட்டினோம். அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு, இது வலிப்பு நோயாக இல்லாமலே இருக்கலாம், மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்போம் என்றார்.

நீ இன்னும் பதினொரு பொட்டலம் கொடுத்ததாக எழுதியிருந்தாய்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே, தந்தி கொடுத்த அன்றே ஓட ஆரம்பித்துவிட்டேன். பத்து வீட்டில் தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிவிட்டேன். சில வீட்டில் கட்டி அப்படியே இருந்தது, சில வீட்டில் தண்ணீரில் கரைத்துத் தீர்த்திருந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தின்றாயா என்று கேட்டேன். இல்லை என்று ஒவ்வொன்றும் தலையாட்டும்போது அதன் காலில் விழலாம் போல இருந்தது.

பதினொன்றாவது வீடு அந்தப் பட்டன் தைக்கிற அம்மாவுடையது. ஒரு மாதமாக வேலைக்கு வரவில்லை. வீடு மாறிவிட்டாள், விசாரித்து விசாரித்துப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன். கதவைப் பாதிதான் திறந்தாள். பையன் எங்கே என்றதும், “அவனுக்கு ஒண்ணுமில்ல, உடம்பு அசதி, தூங்கறான்” என்று கதவைச் சாத்தப் பார்த்தாள். உன் மார்ச் மாதக் கடிதம் பேசுவது போல இருந்தது. கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போய், பையனுக்கு எழுதிக்கொடுத்த வலிப்பு மாத்திரைச் சீட்டையும் என் கையெழுத்தில் இருந்த துண்டுச் சீட்டையும் எடுத்து வந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அது நீ அறைய வேண்டியது.

மறுநாளே அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவனுக்கும் மாத்திரையைக் குறைக்கிறார்கள். தினமும் வேலை முடிந்து போய்ப் பார்க்கிறேன். அவள் என்னோடு பேசுவதில்லை, ஆனால் கதவைத் திறக்கிறாள்.

பெண் வீட்டாரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும்.

உன் வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. கேப்டன் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவளுக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், படித்துக் காட்டு. வாரம் தவறாமல் எழுதுகிறேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

கட்டியைப் பிடுங்கி நாற்பது நாளுக்கு மேலாகிறது, அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மாத்திரை பாதியாகிவிட்டது. மறந்த எழுத்துகள் திரும்பி வருகின்றன. பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்கள்.

ஆனால் ஓட மாட்டேன் என்கிறாள். தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டாலும் படியில் உட்கார்ந்துகொள்கிறாள். ஏன் என்று கேட்டேன். “நான் சரியா சாப்பிடலம்மா. அதான் விழுந்தேன். மாமா சொன்ன மாதிரி எனக்கு ஓட வரல” என்கிறாள். உன்மேல் தப்பில்லை, அது விஷம், மாமா தப்பாக எழுதிவிட்டார் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். மாமா தப்பா எழுத மாட்டார் என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். உன் மன்னிப்புக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நானாக இட்டுக்கட்டிப் படிக்கிறேன் என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஆறு வயதுப் பிள்ளை, தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறது. நீ அங்கே உட்கார்ந்து வாராவாரம் எழுதப் போகிறாயாம்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. நீ வந்தால் திட்டுவேன், அத்தான் உன்னோடு சரியாகப் பேசாமல்கூடப் போகலாம். அதையெல்லாம் வாங்கிக்கொள். அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, தப்பு உன்னுடையது என்று உன் வாயால் சொல்.

இதற்குப் பதில் எழுதாதே. கிளம்பி வா.

அக்கா